பணம் கைமாறுமுன் எண்ணைப் பாருங்கள்

சோரியாங்குப்பத்து மக்களே, பாகூர் கொம்யூன் முழுவதும் பரந்திருக்கும் உறவுகளே, பழைய மிலிட்டரி லாரி ஒன்று வாங்கலாம் என்று உங்களில் எவர் மனத்தில் ஆசை இருந்தாலும், இன்று முன்பணம் கொடுக்காதீர்கள். நாளைக்கும் கொடுக்காதீர்கள். அந்த லாரியின் சேசிஸில் வெட்டியிருக்கும் எண்ணைக் கண்ணால் பார்த்து, விரலால் தடவி, காகிதத்தோடு எழுத்தெழுத்தாக ஒத்துப்பார்க்கும் வரை ஒரு ரூபாயும் கைமாறக் கூடாது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கும் இதையே சொல்கிறேன். சாவியை ஆணியில் மாட்டுங்கள். வெளிச்சம் போவதற்குள் வண்டிக்கு அடியில் குனியுங்கள். எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று அறிவேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் நம் கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதன் ஈரம் காய்வதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேலாகத் தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணை கரைகொள்ளாமல் வந்து நம் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. புதுச்சேரி நகரத்தில் கிருஷ்ணா நகர்த் தெருக்களில் சிக்கியவர்களை மீட்க ராணுவமே வர வேண்டியிருந்தது. அந்த நாட்களைக் கண்டவருக்கு, உயரமான, சேற்றில் மாட்டாத, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி ஒன்று ஊரில் இருந்தால் என்ன என்று தோன்றத்தான் செய்யும். நெல் மூட்டை ஏற்றலாம், கரும்பு ஏற்றலாம், வெள்ளம் வந்தால் பெரியவர்களையும் பிள்ளைகளையும் மேட்டுக்குக் கொண்டுபோகலாம். நல்ல ஆசைதான். நல்ல ஆசைக்கு நேர்மையான வழி வேண்டும். நேர்மையான வழி அந்த எண்ணில் தொடங்குகிறது.

எந்த எண் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மிலிட்டரி லாரியின் முன்னும் பின்னும் வெள்ளை எழுத்தில் ஒரு நம்பர் இருக்கும். மேல்நோக்கிய அம்புக்குறி, அடுத்து ஆண்டைக் காட்டும் இரண்டு இலக்கம், வண்டியின் வகையைச் சொல்லும் ஓர் எழுத்து, தொடர் எண், கடைசியில் இன்னோர் எழுத்து. பி.ஏ. நம்பர் என்று ராணுவத்தார் சொல்வது இதைத்தான். விற்கிறவர் அதைக் காட்டி, ‘பாருங்கள், அசல் ஆர்மி வண்டி’ என்பார். நம்பாதீர்கள். அது ராணுவம் தன் கணக்குக்காகப் பெயின்டால் எழுதியது. ராணுவத்தை விட்டு வண்டி வெளியேறிய அன்றே அந்த நம்பரின் ஆயுள் முடிந்தது. ஒரு டப்பா பெயின்டும் அட்டையில் வெட்டிய எழுத்தும் இருந்தால் எவரும் எந்த லாரியிலும் அதை எழுதிவிடலாம். வண்டி பிறந்த இடத்தில், அதன் முதுகெலும்பான சேசிஸ் இரும்பிலேயே அடித்து இறக்கிய எண்ணே வண்டியின் அடையாளம். அதற்குத்தான் சட்டத்தின் முன் மதிப்பு. அதைத்தான் தேட வேண்டும்.

எங்கே தேடுவது? பெரும்பாலான நம் லாரிகளில் டிரைவர் பக்கம், வலப்புற நீளச் சட்டத்தின் வெளிமுகத்தில், முன்சக்கரத்தை ஒட்டி இருக்கும். முன்சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பி வைத்தால் கை நுழைய இடம் கிடைக்கும். ஆனால் எல்லா வண்டிக்கும் இதுவே இடம் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லிஸ் நிறுவனமும் ஃபோர்டு நிறுவனமும் ஒரே வடிவில் செய்தன. வில்லிஸில் எண் இடப்பக்கச் சட்டத்தின் உட்புறம், முன்கோடியில், ஒரு சிறு தகட்டில் ரிவெட் அடித்து வைக்கப்பட்டிருக்கும். ஃபோர்டில் இடப்பக்கச் சட்டத்தின் மேல்முகத்தில் இரும்பிலேயே வெட்டியிருக்கும். பார்வைக்கு ஒன்று போலிருக்கும் இரண்டு வண்டிக்கே இடம் வேறு என்றால், நம் ராணுவ லாரிகளான சக்திமானுக்கு ஓரிடமும் ஸ்டாலியனுக்கு ஓரிடமும் இருப்பதில் வியப்பில்லை. எனவே எந்த நிறுவனம், எந்த மாடல் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அந்த மாடலை ஓட்டிய முன்னாள் ராணுவத்தார் உங்கள் உறவிலோ அடுத்த தெருவிலோ ஒருவராவது இருப்பார். அவர் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். அவர் கண் தேடும் இடத்தை நம் கண் தேடாது.

கேபினுக்குள் ஒரு தகடு இருக்கும். அதில் வண்டியின் மாடலும் எண்களும் பொறித்திருக்கும். அந்தத் தகட்டைப் பாருங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். தகட்டைக் கழற்றி வேறு வண்டியில் அடிக்க முடியும். ரிவெட்டுகள் புதியவையாக மின்னுகின்றனவா, தகட்டின் விளிம்புக்கும் கேபின் பெயின்டுக்கும் நடுவே பழைய தடம் வேறு அளவில் தெரிகிறதா என்று கவனியுங்கள். எஞ்சின் பிளாக்கில் எஞ்சின் எண் தனியே இருக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ராணுவத்தின் பேஸ் வொர்க்ஷாப்புகளில் வண்டிகளைப் பிரித்துப் பழுதுபார்க்கும்போது எஞ்சின் மாறியிருக்கலாம். எனவே எஞ்சின் எண் காகிதத்தோடு ஒத்துவரவில்லை என்பதாலேயே ஒருவரைத் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். அதற்கு எழுத்தில் விளக்கம் கேளுங்கள். சேசிஸ் எண் ஒத்துவரவில்லை என்றால் விளக்கம் கேட்கவும் நிற்காதீர்கள். திரும்பி வாருங்கள்.

தேடும் கை பொறுமையான கையாக இருக்கட்டும். ராணுவத்தில் பல ஆண்டு உழைத்த வண்டியின் மேல் பச்சைப் பெயின்ட் அடுக்கடுக்காக ஏறியிருக்கும். வெட்டிய எழுத்துகளின் பள்ளங்கள் அதில் தூர்ந்து போயிருக்கும். அதன் மேல் கிரீஸும் மண்ணும். முதலில் டீசல் நனைத்த துணியால் துடையுங்கள். பிறகு பெயின்ட் இளக்கும் திரவத்தைத் தடவிப் பொறுத்திருங்கள். மெல்லிய கம்பி பிரஷ்ஷால் லேசாகத் தேயுங்கள். எழுத்துகள் மேலெழும். அதன் மேல் சாக்பீஸைத் தேய்த்துத் துணியால் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், நிழலில் எழுத்து தெரியும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். பதிவு விண்ணப்பமான 20ஆம் படிவத்தில் கேட்கும் பென்சில் அச்சும் இதுவே. கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிரைண்டரைத் தொடாதீர்கள்! அவசரப்பட்டு ஒரு முறை கிரைண்டர் வைத்தால், மறைந்திருந்த எண் மறைந்தே போகும். அதன் பிறகு உங்கள் நேர்மைக்குச் சாட்சி சொல்ல எதுவும் மிஞ்சாது. குற்றம் செய்தவன் செய்யும் காரியத்தைக் குற்றமற்ற நீங்கள் அறியாமையால் செய்ததாகிவிடும்.

எண் கிடைத்ததும் மகிழ்ச்சியில் எழுந்துவிடாதீர்கள். அதை விசாரியுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா? ஓர் எழுத்து மட்டும் புதிதாகப் பளபளக்கிறதா? எண்ணைச் சுற்றி நாலு பக்கமும் வெல்டிங் தழும்பு ஓடுகிறதா? ஓடினால் அங்கே இன்னொரு வண்டியின் எண்துண்டை வெட்டிக் கொண்டுவந்து ஒட்டியிருக்கக்கூடும். புதிய காலத்து வண்டியாக இருந்தால் எண் 17 இலக்கமாக இருக்கும். டாடா வண்டிக்கு எம்.ஏ.டி. என்றும், அசோக் லேலண்டுக்கு எம்.பி.1 என்றும் தொடங்கும். உலகம் முழுதும் ஒத்துக்கொண்ட முறைப்படி அந்த 17 இலக்கத்தில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பக் கூடாது என்பதற்காக விலக்கியவை அவை. உங்கள் கையில் உள்ள 17 இலக்க எண்ணில் ஓ என்ற எழுத்து இருந்தால், நீங்கள் படித்தது தவறு, அல்லது அடித்தவன் பொய்யன். சக்திமான் போன்ற பழைய வண்டிகளுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. ஜெர்மனியின் மான் நிறுவனத்தோடு செய்த உடன்பாட்டின்படி ஜபல்பூரில் 1950களின் இறுதியிலிருந்து உருவான வண்டி அது. அதன் எண் குறுகியது. குறுகியதாக இருந்தாலும் இரும்பில் இருக்க வேண்டும், காகிதத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

காகிதம் என்றேன். எந்தக் காகிதம்? ராணுவ வண்டிக்கு நம்மைப் போல் ஆர்.சி. புக் இருக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பாதுகாப்புத் துறை வண்டிகளின் பதிவைத் தன் 60ஆம் பிரிவில் தனியே வைத்திருக்கிறது. அதே பிரிவுதான், அந்த வண்டி அரசின் உடைமையாக இல்லாமற்போன கணத்திலிருந்து எல்லா வண்டிக்கும் உள்ள பதிவுக் கடமை அதற்கும் உண்டு என்கிறது. அந்தப் பதிவுக்கு, விற்ற அதிகாரியிடமிருந்து 21ஆம் படிவத்தில் அசல் விற்பனைச் சான்று வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி கேட்கிறது. ஜெராக்ஸ் போதாது. ‘அசல் டெல்லியில் இருக்கிறது, அடுத்த மாதம் வரும்’ என்ற சொல் போதாது. அந்தச் சான்றில் உள்ள சேசிஸ் எண்ணும் இரும்பில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து வேறானாலும் அது வேறு வண்டி.

வண்டி எதற்காக விற்கப்பட்டது என்பதையும் கேளுங்கள். ஓட்டுவதற்கு விற்றதா, உடைப்பதற்கு விற்றதா? 2023 ஏப்ரல் 1 முதல், பதினைந்து ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு முடிந்துபோகிறது. அவை பதிவுபெற்ற உடைப்பு நிலையங்களுக்குப் போக வேண்டும். நாட்டின் பாதுகாப்புப் பணியிலும் சட்டம் ஒழுங்குப் பணியிலும் இருக்கும் கவச வண்டி போன்ற சிறப்பு வண்டிகளுக்கு மட்டுமே விலக்கு. உடைக்க விற்ற வண்டி உருண்டு வந்து நம் ஊரில் நின்றால், அது சாலைக்கு வர உரிமை இழந்த வண்டி. காயலான் கடைக்காரர் விலையில் கிடைக்கிறதே என்று எண்ணாதீர்கள். காயலான் விலையில் கிடைப்பது காயலான் இரும்புதான்.

பச்சைப் பெயின்டையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறெந்த வண்டிக்கும் அந்த ஆலிவ் பச்சை கூடாது என்று மத்திய விதி தெளிவாகச் சொல்கிறது. இளைஞர்களே, அந்த நிறம் உங்களுக்குப் பிடித்திருக்கிறது, தெரியும். ஆனால் அந்த நிறத்தைப் பார்த்துச் சோதனைச்சாவடி வழிவிடும் என்றால், அந்த வழியில் நாளை யார் நுழைவார் என்று யோசியுங்கள்.

இதையெல்லாம் நான் மிகையாகப் பேசுவதாக நினைக்கிறீர்களா? 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத்துறை ‘ஆபரேஷன் நும்கோர்’ என்ற பெயரில் கேரளத்தில் பல இடங்களில் சோதனையிட்டு வண்டிகளைக் கைப்பற்றியது. பூடானில் ராணுவம் உள்ளிட்டோர் ஏலம்விட்ட பழைய வண்டிகளை எல்லை தாண்டிக் கொண்டுவந்து, இந்திய ராணுவத்தின் பெயரிலும் தூதரகங்களின் பெயரிலும் போலிச் சான்றுகள் தயாரித்துப் பதிவு செய்தார்கள் என்பது சுங்கத்துறையின் குற்றச்சாட்டு. இதன் பின்னே கோயம்புத்தூரைச் சேர்ந்த கூட்டம் இருந்ததாகவும் அது சொன்னது. நம் மொழி பேசும் ஊரின் பெயர் அந்தக் கணக்கில் வந்திருக்கிறது. லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கியவர்கள் வண்டியைப் பறிகொடுத்து, விசாரணைக்கு அலைந்தார்கள். ராணுவத்தின் பெயர் இருக்கிறதே என்று காகிதத்தை நம்பியதன் விலை அது.

அதற்கு முன்பே, 2017இல், நம் புதுச்சேரியின் பெயரும் வெளியே பேசப்பட்டது. இங்கே குடியில்லாதவர்கள் இங்கே குடியிருப்பதாக முகவரி காட்டி, வரி குறைவு என்பதற்காக விலையுயர்ந்த கார்களைப் பதிந்துகொண்டார்கள் என்று கேரளத்தில் வழக்குகள் வந்தன. அந்த முகவரிகள் ஏதோ ஒரு தெருவின் கதவிலக்கங்கள். ஏதோ ஒரு குடும்பத்தின் வாசற்படிகள். தாய்மாரே, யாராவது வந்து, ‘உங்கள் ஆதாரையும் கரன்ட் பில்லையும் கொடுங்கள், ஒரு வண்டி உங்கள் பெயரில் பதியணும், கையில் கொஞ்சம் தருகிறோம்’ என்றால், வாசலிலேயே நிறுத்துங்கள். அந்தக் கொஞ்சத்தை வாங்கிய நாளிலிருந்து, அந்த வண்டி எங்கே போகிறது, யாரை இடிக்கிறது, எதை ஏற்றுகிறது என்பதெல்லாம் உங்கள் பெயரில் நடக்கும்.

இது வெறும் அச்சுறுத்தல் அல்ல. விபத்து நடந்தால், அதிகாரிகளின் பதிவேட்டில் யார் பெயர் நிற்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. கைமாற்றிக் கொடுத்துவிட்டேன் என்ற சொல் அங்கே எடுபடவில்லை. பதிவே இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும்? 2014இல் நரிந்தர் சிங் வழக்கில் அதே நீதிமன்றம், பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது காப்பீட்டு ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறுவது என்றது. காப்பீட்டு நிறுவனம் வண்டியின் உரிமையாளருக்குப் பணம் தரவேண்டியதில்லை என்றும் சொன்னது. உங்கள் லாரி இன்றிரவு பாகூர்ச் சாலையில் ஒரு சைக்கிள்காரரைத் தள்ளிவிட்டால், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நீங்கள் எதை எடுத்துக் கொடுப்பீர்கள்? நிலத்தையா? மனைவியின் தாலியையா? அதைக் கொடுத்தாலும் போன உயிருக்கு ஈடாகுமா?

ஓர் எண்ணால் என்ன ஆகிவிடும் என்று அலட்சியமாகக் கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். 1995 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் ஒரு லாரியில் வெடிகுண்டு வைத்து 168 பேரைக் கொன்றார்கள். லாரி சுக்குநூறாகிவிட்டது. ஆனால் தூக்கியெறியப்பட்ட அதன் பின் ஆக்சிலில் ஓர் எண் மிஞ்சியிருந்தது. அந்த எண் கான்சஸ் மாநிலத்து ஜங்ஷன் சிட்டியில் அந்த லாரியை வாடகைக்கு விட்ட கடைவரை புலனாய்வாளர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. குற்றவாளி பிடிபட்டான். 2008 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் மாலேகாவில் மோட்டார் சைக்கிளில் வைத்ததாகச் சொல்லப்பட்ட குண்டு வெடித்து ஆறு பேர் செத்தார்கள். அந்த வண்டியின் எண் அழிக்கப்பட்டிருந்தது. முழு எண்ணையும் மீட்க முடியவில்லை. பதினேழு ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலையில் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்த நீதிமன்றம், அந்த வண்டி யாருடையது என்பது நிரூபிக்கப்படவில்லை என்பதையும் தன் காரணங்களில் சொன்னது. எண் நின்ற இடத்தில் 168 குடும்பங்களுக்குப் பதில் கிடைத்தது. எண் அழிந்த இடத்தில் ஆறு குடும்பங்கள் இன்றும் பதிலின்றி நிற்கின்றன.

பட்டறைக்காரர்களே, லேத் வைத்திருப்பவர்களே, டிங்கர் வேலை தெரிந்தவர்களே, இப்போது உங்களிடம் பேசுகிறேன். பஞ்ச் செட் உங்கள் பெட்டியில் இருக்கிறது. சுத்தியல் உங்கள் கையில் இருக்கிறது. ‘அண்ணே, நம்பர் தேஞ்சுபோச்சு, கொஞ்சம் அடிச்சுக் கொடுங்க’ என்று ஒருவர் வந்து நிற்பார். கூலியை இரண்டு பங்காகத் தருவதாகச் சொல்வார். அடிக்காதீர்கள். தேய்ந்த எண்ணைத் திரும்ப வெட்டுவதற்கு அதிகாரியின் எழுத்தாணை வேண்டும். அந்த ஆணை இல்லாமல் விழும் ஒவ்வொரு அடியும் திருட்டில் நீங்கள் எடுக்கும் பங்கு. அழித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்றும் நினைக்காதீர்கள். இரும்பில் எழுத்தை அடித்து இறக்கும்போது, எழுத்துக்குக் கீழே உள்ள இரும்பும் நசுங்கி இறுகிவிடுகிறது. மேலே ராவித் தள்ளினாலும் அந்த இறுக்கம் உள்ளே இருக்கும். தடய அறிவியல் கூடத்தில் அமிலம் கலந்த கரைசலைத் தடவினால், இறுகிய இரும்பும் இறுகாத இரும்பும் வேறு வேறாக அரிபட்டு, அழித்த எண் பல நேரம் மங்கலாக எழுந்து வருகிறது. நீங்கள் மறைத்ததை இரும்பு மறைப்பதில்லை.

புரோக்கர்மாரே, உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கமிஷன் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். நீங்கள் விற்றுக்கொடுத்த வண்டி பல ஆண்டுகள் ஓடும். அது ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் உங்கள் வாய்ச்சொல் பொறுப்பு. திருட்டுச் சொத்து என்று தெரிந்தே வாங்குவதையும் வைத்திருப்பதையும் சட்டம் குற்றம் என்கிறது. தெரிந்தும் கைமாற்றிவிடுகிறவர் தமக்கு மட்டும் கணக்கு இல்லை என்று எப்படி நினைக்கலாம்?

ஊரில் எஞ்சியிருக்கும் நம் அனைவருக்கும் பங்கு இருக்கிறது. நம்பர் பிளேட் இல்லாத லாரி ஆற்றுப்பக்கம் இறங்கியதைப் பார்க்கிறோம். நமக்கென்ன என்று போகிறோம். தென்பெண்ணையின் மணல் யாருடையது? கரை சரிந்தால் தண்ணீர் யார் வீட்டுக்குள் வரும்? 2024இல் யார் வீட்டுக்குள் வந்தது? அடையாளமற்ற வண்டியே அடையாளமற்ற திருட்டுக்கு வசதி. எண்ணில்லாத லாரி ஊருக்குள் நிற்பதை ஒரு தெரு பொறுத்துக்கொண்டால், அதன் பின்னால் வரும் இரவுகளுக்கு அந்தத் தெரு முழுவதும் பொறுப்பு. பார்த்தவரும் பொறுப்பு. பார்த்துவிட்டுப் பேசாமல் போனவர் இன்னும் அதிகப் பொறுப்பு.

உலோகத்தில் வெட்டிய எழுத்தின் மதிப்பை வேறெவர் மறந்தாலும் பாகூர்க்காரர் மறக்கலாமா? ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டன. படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் வாழ அந்த ஊர்களின் வருவாய். அந்தக் கொடையைச் செப்பேட்டில் வடமொழியிலும் தமிழிலும் வெட்டி வைத்தார்கள். கொடுத்தவர் இல்லை, வாங்கியவர் இல்லை, அந்தக் கல்விக்கூடமும் இல்லை. பல்லவர் போய், சோழர் வந்து போய், பிரெஞ்சுக்காரரும் வந்து போனார்கள். எது யாருக்கு உரியது என்று அந்தச் செம்பு மட்டும் மாறாமல் சொல்கிறது. உரிமை வாய்ச்சொல்லில் நிற்கக் கூடாது, எவரும் மாற்ற முடியாத இடத்தில் நிற்க வேண்டும் என்று நம் மண்ணில் வாழ்ந்தவர்கள் அன்றே தெரிந்து வைத்திருந்தார்கள். அந்த மண்ணில் இருந்துகொண்டு, சேசிஸில் வெட்டிய எழுத்தைப் பார்க்காமல் லட்ச ரூபாயை எண்ணிக் கொடுப்பதா?

இன்றே பாருங்கள் என்று சொல்கிறேனே, ஏன்? நம் ஊருக்குக் கடற்காற்று எட்டுகிறது. உப்புக்காற்று இரும்பை விடுவதில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டியின் சேசிஸ் உள்ளிருந்து பொரிந்து வருகிறது. இந்த ஆண்டு படிக்க முடிகிற எழுத்து, இரண்டு மழைக்காலம் போனால் துருவின் செதிலோடு உதிர்ந்துவிடக்கூடும். எண் உதிர்ந்த பிறகு, நீங்கள் நேர்மையாக வாங்கியதை நிரூபிக்க நடையாய் நடப்பீர்கள். விற்றவர் கைபேசி எண்ணை மாற்றியிருப்பார். ஏலத்தில் எடுத்தவர் வேறு மாநிலத்தில் இருப்பார். விற்பனைச் சான்றில் கையெழுத்திட்ட அதிகாரி பணி ஓய்வு பெற்றிருப்பார். இன்று ஒரு மணி நேரத்தில், ஒரு டார்ச்சும் ஒரு பென்சிலும் கொண்டு முடிகிற வேலை, நாளை வழக்கறிஞரும் தடய அறிவியல் கூடமும் இல்லாமல் முடியாது. தள்ளிப்போடுகிறவர் நேரத்தை மிச்சம் பிடிப்பதில்லை. தம் பிள்ளைகளின் தலையில் கடனாக ஏற்றுகிறார்.

எனவே எழுந்திருங்கள். வாங்க நினைப்பவர்களே, தனியாகப் போகாதீர்கள். வண்டி தெரிந்த ஒருவரையும் படிக்கத் தெரிந்த ஒருவரையும் அழைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் போங்கள். இரவில் காட்டுகிற வண்டியைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ‘இன்னிக்கே முடிக்கணும், வேற பார்ட்டி வந்துடுவாங்க’ என்று அவசரப்படுத்துகிறவரிடம், வேறு பார்ட்டிக்கே கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வாங்கியவர்களே, இன்று எண்ணைத் தேடுங்கள், நாளை 21ஆம் படிவத்தோடு ஒத்துப்பாருங்கள், அடுத்த வேலைநாளில் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். பதிவாகும் வரை சக்கரம் சாலையைத் தொட வேண்டாம். பச்சைப் பெயின்டை மாற்றுங்கள், பி.ஏ. நம்பரை அழியுங்கள், சேசிஸ் எண்ணின் மேல் மட்டும் பெயின்டை அடர்த்தியாக அப்பாமல் மெல்லிய கிரீஸ் தடவி வையுங்கள்.

எண் ஒத்துவரவில்லையா? சான்று போலி என்று தெரிகிறதா? அதை அடுத்த ஏமாளியின் தலையில் கட்டிவிடலாம் என்ற நினைப்பு எழும். எல்லோருக்கும் எழும். அந்த நினைப்புக்கு இடம் கொடுக்காதீர்கள். இழந்த பணத்தை அடுத்தவன் குடும்பத்திலிருந்து எடுப்பது உங்களுக்கு நேர்ந்த திருட்டை நீங்களே மறுபடி செய்வது. பெயின்டைத் தொடாமல், எண்ணைத் தொடாமல், வண்டியை நின்ற இடத்திலேயே நிறுத்துங்கள். யாரிடம் வாங்கினீர்கள், எந்த நாள், எவ்வளவு கொடுத்தீர்கள், எந்தக் கணக்கிலிருந்து போனது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பென்சில் அச்சையும் படத்தையும் இணையுங்கள். பாகூர் காவல் நிலையத்துக்கு ஊர்ப் பெரியவர்கள் இருவரை உடன் அழைத்துப்போய் எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.